பொன்னுக்கு வீங்கிய வாரம்

ஜப்பான்காரன் வருகிறான் என்ற பேச்சு எழுந்ததும் எங்கள் தோட்டத்துத் துரைமார்கள் ஒரே ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் ஒரே ஒரு துரைதான். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஆணியில் தொங்கினார். படத்துத் துரை. முகத்தில் இடது பாதி ஒழுங்காக இருக்கும். நீலக் கண், செம்பட்டை மீசை எல்லாம் உண்டு. வலது பாதியில் தோலைக் காணோம். மேலே வெள்ளை மண்டையோடு, கீழே வரிவரியாகச் சிவப்புச் சதை, காதுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு பை. கழுத்தோடு ஆள் முடிந்துவிடுவார். கூலி ஜனங்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் அவரைத் தோலுரிந்த துரை என்பார்கள். ஊசி போட வந்த பிள்ளை அவரைப் பார்த்ததும் ஊசிக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடும்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. மலாயாவில் சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. கூட்டுவது, தண்ணீர் காய்ச்சுவது, கட்டுத்துணி அலசுவது, தினம் காலையில் துரையின் முகத்தைத் துடைப்பது, இவ்வளவும் என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு புண்ணியவதி அவருடைய நெற்றி எலும்பில் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சுவரில் தொங்குகிறார், பார்க்கப் பயமாக இருக்கிறார், சாமியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. டிரஸர் அன்றைக்குக் குதித்த குதி இருக்கிறதே, அந்தக் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்து எடுப்பதற்குள் எனக்குக் கை வலித்துவிட்டது.

டிரஸர் என்றால் தோட்டத்து ஜனங்களுக்கு டாக்டர் மாதிரிதான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பழகி வந்தவர். கெட்டிக்காரர். அதைவிடப் பெரிய வாயாடி. ஜப்பான்காரன் காலத்தில் மருந்து வருவது நின்றுபோய், அலமாரியில் உப்பும் கிருமி கொல்லும் லைசால் ஒரு பாட்டிலும்தான் இருந்தன. கொடுக்க மருந்து இல்லாததால் வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கையில் ஒரு மூங்கில் குச்சி. வயிற்றுவலி என்று வந்தாலும் துரையின் முகத்தில்தான் பாடம், ஏனென்றால் அவரிடம் இருந்த படம் அது ஒன்றுதான்.

"மண்டைன்னா பானை மாதிரி ஒரே சட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. இல்லலா. தலையும் முகமும் சேத்து இருபத்திரண்டு எலும்பு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லுப் பல்லா கோத்திருக்கு. இதுல அசையிற எலும்பு கீழ்த்தாடை ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். "நம்ம ஆயாவுக்கு அது ஓயிறதே இல்ல."

"உங்களுக்கு மட்டும் ஓயுதாக்கும்," என்பேன் நான்.

ஒருநாள் ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையில் இருந்து ரத்தம் முகமெல்லாம் வழிந்து, சட்டை நனைந்து, ஆள் கண்ணை மூடிக்கொண்டு, "எம் பொண்டாட்டிய நல்லாப் பாத்துக்குங்க அண்ணே," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அகப்பையால் அடித்ததே அந்தப் பொண்டாட்டிதான். டிரஸர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "நகத்தளவு காயம். ரெண்டு தையல்," என்றார். உடனே குச்சியை எடுத்துவிட்டார். தலைத்தோல் மற்ற தோல் மாதிரி இல்லையாம். அதில் ரத்தக்குழாய் அதிகம், அறுந்தால் சுருங்கி அடைத்துக்கொள்ளாதபடி சுற்றிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்குமாம். அதனால் சின்னக் கீறலுக்குக்கூட ஆட்டை வெட்டியது போல ரத்தம் கொட்டுமாம். அவ்வளவு பாடமும் முடிந்த பிறகுதான் தையல் போட்டார். அதற்குள் அந்த ஆளுக்கு நிஜமாகவே மயக்கம் வந்துவிட்டது.

இப்படித்தான் ஒரு வருஷத்தில் நானும் முகத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன். சிரிக்க ஒரு சதை, முகம் சுளிக்க ஒரு சதை, புருவம் தூக்க ஒரு சதை என்று கேட்டுக் கேட்டு, யார் எதிரில் நின்று பேசினாலும் அவர்கள் தோலுக்குள்ளே எது இழுக்கிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர், "அப்படிப் பாக்காத புள்ள, உரிக்கப் போற மாதிரி இருக்கு," என்பார்.

அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர். நல்ல மனுஷர். கூச்ச சுபாவம். ஆனால் மேடை ஏறிவிட்டால் கூச்சம் போய்விடும். சண்டைக்கு முன்னால் தோட்டத்தில் பொங்கலுக்குப் போட்ட நாடகத்தில் அவருக்குத் தூதன் வேஷம். "மன்னா, பகைவர் கோட்டையை நெருங்கிவிட்டனர்," இதுதான் வசனம். இதை அழுது, மண்டியிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள், ராஜா வேஷக்காரர் அடுத்த வசனத்தை மறந்துவிட்டார். எதைச் செய்தாலும் ஒரு கை அதிகமாகச் செய்வது அவர் குணம். இது தெரிந்துதான் கட்டிக்கொண்டேன்.

அப்போது சயாமில் ஜப்பான்காரன் ரயில் ரோடு போட்டுக்கொண்டிருந்தான். முதலில் போனவர்களிடம் மூன்று மாசம்தான் வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றான். மூன்று மாசம் போய் ஆறு மாசம் ஆகியும் ஒருத்தரும் திரும்பவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஒருவன் மட்டும் எப்படியோ தப்பி வந்தான். எலும்பும் தோலுமாக வந்த அவனைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அடுத்த லாரிக்கு ஆள் கொடு என்று எங்கள் கங்காணிக்கு உத்தரவு வந்தது. கல்யாணம் ஆகாதவர்கள் எல்லாரும் ஏற்கெனவே போயாகிவிட்டது. பிள்ளைகுட்டிக்காரனை அனுப்ப அவருக்கும் மனசு வரவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் பேரைக் கொடுத்துவிட்டார்.

காட்டுக்குள் ஓடிவிடலாம் என்றால், ஓடியவன் பெண்டாட்டியை, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் வெயிலில் மண்டிபோட வைத்து அடித்ததை எல்லாரும் பார்த்திருந்தோம். "நான் போயிட்டு வந்துர்றேன் புள்ள," என்றார் என் வீட்டுக்காரர், பசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வருகிறவர் மாதிரி. நான் அன்றைக்குச் சமைக்கவில்லை. கங்காணி வீட்டுப் பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூற்றலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லாரி.

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் பூசணிக்காய் போல இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரஸர் அவருடைய காதுமடலைத் தூக்கிப் பார்த்தார், துரையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"பொன்னுக்கு வீங்கி. இந்தா பாரு, காதுக்கு முன்னால மஞ்சப் பை இருக்கே, அது எச்சில் சுரக்கிற பை. அதுதான் வீங்கியிருக்கு. பாரு, காதுமடல் மேல தூக்கிக்கிட்டு நிக்குது. புளிப்பு காட்டுனா எச்சில் ஊறும், உயிர் போற மாதிரி வலிக்கும்." சொன்னதோடு விட்டாரா? எலுமிச்சம்பழத் துண்டை அவர் நாக்கில் வைத்தும் காட்டினார். என் வீட்டுக்காரர் எம்பிக் குதித்து வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டார். "சரியாத்தான் இருக்கு," என்றார் டிரஸர் சந்தோஷமாக.

பிறகு குரலைத் தாழ்த்தினார். இது தொற்றுகிற வியாதி, லாரியில் ஏற்றினால் லாரி முழுக்க வீங்கும், ஜப்பான்காரன் ஏற்றமாட்டான். ஆனால் டிரஸர் சொன்னால் நம்பமாட்டான். லாரியோடு அவர்களுடைய மருந்துச் சிப்பாய் ஒருவன் வருவான், அவன் கண்ணால் பார்க்க வேண்டும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வீக்கம் நிக்கணும் ஆயா. அதுக்கு என்கிட்ட மருந்து கெடையாது. வத்துறதுக்கும் கெடையாது, அது வேற விஷயம்."

எனக்கு எங்கே வியாதி தெரிந்தது? லாட்டரி விழுந்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வந்து பார்த்தால் வாசலில் கங்காணியின் சம்சாரம் நிற்கிறாள். லயமே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். கையில் ஒரு கந்தல் துணி முடிச்சு. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புருஷன் செய்த காரியம் அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாம்பு மாதிரி ஒரு தங்கச் சங்கிலி.

எங்கள் பக்கத்தில் பொன்னுக்கு வீங்கினால் கழுத்தில் பொன் போட வேண்டும். பொன்னைக் கேட்டுத்தான் கன்னம் வீங்குகிறது, போட்டால் வற்றிவிடும், அவ்வளவுதான். காரணம் யாரும் கேட்டதில்லை. நானும் சின்ன வயசில் அடுத்த வீட்டுக்காரி வளையலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள்தான்.

"தம்பி கழுத்துல போடு தங்கச்சி. ரெண்டு நாள்ல வத்திரும்," என்றாள் அக்கா.

"வேணாம்க்கா. தானா வத்தட்டும். அவசரம் ஒண்ணுமில்ல," என்றேன்.

"என்ன புள்ள பேசுற, கட்டுன புருஷன் இப்படிக் கெடக்குறாரு."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீக்கம் வேண்டும் என்று கங்காணி பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? அவள் நல்லவள். ஆனால் அவள் காதுக்குப் போனது அரைமணி நேரத்தில் கங்காணி காதுக்குப் போகும். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சங்கிலியை அவர் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டுப் போனாளா என்றால் அதுவும் இல்லை. அவளுடைய சங்கிலியாயிற்றே. பாயை விரித்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா தங்கம் கொடுத்தது தெரிந்ததும் லயத்துப் பெண்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து எங்கள் லயத்தில் யாரிடமும் குந்துமணி தங்கம் கிடையாது. எல்லாரும் விற்றுக் கிழங்கு வாங்கித் தின்றுவிட்டதாக மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒருத்தி தவிட்டு டின்னுக்குள் கையைவிட்டுத் தோடு எடுத்து வருகிறாள். இன்னொருத்தி கோழிக்கூட்டைப் புரட்டி மூக்குத்தி கொண்டுவருகிறாள். கோழி எச்சம்கூடப் போகவில்லை. ஒருத்தி என் முன்னாலேயே கொண்டையை அவிழ்த்தாள், உள்ளேயிருந்து அட்டிகை விழுந்தது. ஒரு வருஷமாகத் தலைவலி தலைவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். டிரஸர் அவளுக்கு மண்டை எலும்பு இருபத்திரண்டையும் விளக்கியிருந்தார்.

சாயங்காலம் பார்த்தால் என் வீட்டுக்காரர் தேரில் வைத்த உற்சவமூர்த்தி மாதிரி படுத்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பெண்கள். அவரவர் நகை மேல் அவரவர் கண். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பஞ்சத்தில் உயிரை ஒளித்த மாதிரி ஒளித்து வைத்திருந்ததை எனக்காக எடுத்து வந்தார்களே, அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எல்லாரையும் துடைப்பத்தால் அடித்து விரட்டலாம் போல இருந்தது.

டிரஸரிடம் ஓடினேன். "தங்கத்துக்கும் எச்சில் பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல ஆயா. வியாதி அது இஷ்டத்துக்கு வரும், அது இஷ்டத்துக்குப் போகும். அவங்க கோயிலையே கொண்டாந்து கட்டட்டுமே," என்றார். நான் படித்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து, அக்கா வெற்றிலை துப்ப வெளியே போன நேரத்தில் எல்லாச் சங்கிலியையும் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். திரும்பி வந்தவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் இதேதான் நடந்தது. நான் கழற்ற, அவள் மாட்ட. அவர் மட்டும் வாயைத் திறக்க முடியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

புதன்கிழமை காலை முகம் வற்றிவிட்டது. அக்கா ஆனந்தமாகத் தன் சங்கிலியைக் கழற்றி முடிந்துகொண்டு, "பாத்தியா தங்கச்சி," என்றாள். மற்றவர்களும் வந்து அவரவர் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். கோழிக்கூட்டுக்காரி மட்டும் மூக்குத்தியில் திருகாணி இல்லை என்று பாயை உதறித் தேடினாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோலுரிந்த துரைக்கு முன்னால் நின்று அழுதேன். வியாழக்கிழமை ஒருநாள்தான் பாக்கி. வாயில் கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டு நின்றால் என்ன என்று கேட்டேன். டிரஸர் குச்சியை எடுத்தார். "பாக்கு வச்சா இங்க உப்பும்," என்று வாயோரக் கன்னத்தைத் தொட்டார். "வீங்கி வீங்கினா இங்க," என்று காதுக்கு முன்னாலிருந்து தாடை முனை வரைக்கும் கோடு இழுத்தார். "அந்தச் சிப்பாய் மருந்து வேலை தெரிஞ்சவன். எடம் மாறுச்சுன்னா உம் புருஷனுக்கு மட்டுமில்ல, எனக்கும் சேத்து உதை." சொல்லிக்கொண்டே மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கூரை ஓரத்தில் குளவிக் கூடு. நான் எத்தனையோ நாள் கலைக்க நினைத்து, அப்படியே விட்டுவைத்த கூடு.

"நான் ஒண்ணும் பாக்கல," என்று டிரஸர் துரையின் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மருந்து பாட்டிலுக்கு ஒன்றாக இரண்டு குளவியைப் பிடித்துவந்தேன். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே காலை அகட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பெஞ்சு ஓரத்தில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்தே அப்படித்தான். வீங்கியது முகம், இவர் எதற்கு இடுப்பொடிந்தவர் மாதிரி நடக்கிறார்? ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஆடாம இருங்க," என்று சொல்லிப் படத்தை ஒருமுறை பார்த்து, வலது காதுக்கு முன்னால் பாட்டில் வாயை வைத்து அமுக்கினேன். குளவி நன்றி கெட்டதல்ல, சரியான இடத்தில் கொட்டியது. அவர் லயத்துக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். இடது பக்கம் வைக்கும்போது அவர் தலையைத் திருப்ப, பாட்டில் நழுவ, குளவி வெளியே வந்து அவர் இடது புருவத்தில் கொட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

கால்மணி நேரத்தில் வலது தாடை அருமையாக உப்பியது. காதுமடல்கூட மேலே தூக்கியது. இடது பக்கம் தாடை அப்படியே இருக்க, கண் இமை இரண்டும் இட்லி மாதிரி வீங்கிக் கண்ணே மூடிவிட்டது.

"புருவத்துலதானே கொட்டுச்சு?" என்றேன்.

டிரஸரால் தாங்க முடியவில்லை, திரும்பிவிட்டார். "நெத்தித்தோல் இறுக்கம். இமைத்தோல் லேசு, உள்ளுக்குள்ள எடம் காலி. நெத்தியில ஊறுற தண்ணியெல்லாம் எறங்கி எங்க போகும்? இமைக்குத்தான் போகும். தலையில அடிபட்டவனுக்கு மறுநாள் கண்ணு கறுத்துப் போறது இதனாலதான்." குச்சியைத் தேடினார்.

"நான் சயாமுக்கே போயிர்றேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குள் லாரிச் சத்தம் கேட்டது.

பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்டாட்டிகள் வேலி ஓரத்தில் நின்றார்கள். மருந்துச் சிப்பாய் கங்காணியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். குட்டையான ஆள். கண்ணாடி போட்டிருந்தான். நுழைந்ததும் சுவரில் துரையைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான். பிறகு கிட்டப் போய் நிதானமாகப் பார்த்தான். டிரஸர், "சாக்கிட், துவான், சாக்கிட்," என்று, வியாதி ஐயா வியாதி என்பதை மலாயில் சொல்லி, படத்தில் மஞ்சள் பையையும் என் வீட்டுக்காரர் தாடையையும் மாறி மாறிக் காட்டினார்.

சிப்பாய் தாடையை அமுக்கினான். அவர் கத்தினார். அதில் நடிப்பு இல்லை, குளவி கொட்டி அரைமணிகூட ஆகவில்லை. சிப்பாய் இடது தாடையைத் தொட்டான். ஒன்றுமில்லை. மூடிய கண்ணைப் பார்த்தான். அவன் புருவம் இரண்டும் நடுவில் நெருங்கி வந்தன. சந்தேகத்துக்கு அந்தச் சதைதான் என்று எனக்குத் தெரியும். "இனி அப்பா?" என்று மலாயில் கேட்டான், கண்ணைக் காட்டி. இது என்ன என்று. டிரஸர் பயத்தில் இமைத்தோல் பாடத்தை இங்கிலீஷில் ஆரம்பித்துவிட்டார். சிப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்திருந்தால் நாங்கள் அன்றோடு தொலைந்தோம்.

"ஜாலான்!" என்றான் சிப்பாய். நட.

அவர் எழுந்தார். இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு பானையை வைத்துக்கொண்டு நடப்பவர் மாதிரி, காலை அகட்டி அகட்டி, ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் வெளிறி நடந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முகத்து வியாதிக்கு எவனாவது இப்படி நடப்பானா? இவருடைய ஒரு கை அதிகம் இன்றைக்கு ஆளைக் கொண்டுபோய் லாரியில் ஏற்றப் போகிறது. அதற்குமேல் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது சிப்பாயின் முகம் மாறியிருந்தது. புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டன. அவன் தன்னுடைய இரண்டு கன்னத்தையும் காற்றால் உப்பவைத்து டிரஸரைப் பார்த்தான். டிரஸர் தலையாட்டினார். அவன் விரலால் என் வீட்டுக்காரரின் இடுப்புக்குக் கீழே காட்டினான். என் வீட்டுக்காரர் நாணிக் குனிந்து தலையாட்டினார். அவ்வளவுதான். இடுப்பில் கத்தி தொங்குகிற அந்த ராணுவ வீரன் இரண்டு கையாலும் தன் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஒரே தாவில் பின்னால் போனான். பின்னால் நின்ற கங்காணியின் காலை மிதித்தான். கங்காணிக்கு என்ன ஏது என்று தெரியாவிட்டாலும், ஜப்பான்காரனே பொத்துகிறான் என்று அவரும் பொத்திக்கொண்டார். இருவரும் அப்படியே வாசல் வழியாகப் பின்னோக்கிப் போனார்கள். சிப்பாய் வெளியே போய் லைசால் கேட்டுக் கையை முழங்கை வரை கழுவினான். பாட்டில் காலியாகிவிட்டது.

லாரி ஓர் ஆள் குறைவாகப் போனது. எங்கள் தோட்டத்தில் ஏதோ தொற்று என்று பேச்சு பரவி, அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் பக்கம் வரவே இல்லை.

அன்று சாயங்காலம் நான் சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டிருக்கும். முந்தானையைச் செருகிக்கொண்டு, சிப்பாய் மாதிரியும் கங்காணி மாதிரியும் மாறி மாறிப் பொத்திக் காட்டினேன். "நீங்க மட்டும் அப்படி நடக்கலன்னா மாட்டியிருப்போம். எப்படித்தான் அந்த நடை உங்களுக்குத் தோணுச்சு? நாடகத்துல இவ்வளவு நல்லாப் பண்ணதே இல்லையே," என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நடிக்கல புள்ள," என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. முகத்து வீக்கம் வற்றும்போதே கீழே வீங்க ஆரம்பித்திருக்கிறது. இரண்டு நாளாக உயிர் போகிற வலி. லயத்துப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து நகை எண்ணிவிட்டுப் போன வீட்டில், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் அந்த வலியோடு அவரை உட்காரவைத்துக் குளவியால் வேறு கொட்டவைத்திருக்கிறேன். டிரஸரைக் கூட்டிவந்தேன். பார்த்துவிட்டு ஒரு பாடமும் சொல்லாமல் எழுந்து போனார். ஆம்பளைக்கு வந்தால் சில சமயம் இப்படி இறங்கும் என்று வாசலில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஈப்போவில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அந்த வீக்கத்தாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம் என்றார். சொந்தக்காரர்கள் என்னை மலடி என்றார்கள். அவர்களிடம் நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் வெட்கத்தில் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை லாரியில் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர்கள் வரவில்லை.

தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்து பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்னக் கட்டி உனக்கு ஒண்ணும் கெடைக்கலல்ல?"

இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்து, மீன்குழம்பு ஊற்றுகிற நேரம் பார்த்துக் கேட்கிறார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"சயாமுக்குப் போயிருந்தா மட்டும் பத்து பெத்திருப்பேனா? சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பிள்ளை இல்லையே என்று கொஞ்சம் அழுதேன். அப்படிக் கேட்பதற்கு மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அதைவிட அதிகமாக அழுதேன்.